35 வெள்ளி டிராகன் பழச் செடி: கம்பு தண்டம், செடி தங்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அதோடு கொடுத்த தாங்கு கம்புக்கும் மண்ணுக்கும் ஒன்று கொடுத்தாலே அதிகம்.

வாங்கியது 2022 மார்ச்சில். நர்சரியின் பெயர் வேண்டாம், அந்த அங்கிள் நல்ல மனிதர். வேர் விட்ட ஒரு முழத் தண்டு, பெரிய தொட்டி, தேங்காய் நார் சுற்றிய கம்பு, ஒரு மூட்டை மண், எல்லாம் சேர்த்து 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் பத்தாவது மாடி, தாழ்வாரத்தின் கடைசி வீடு எங்களுடையது. மூன்று மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். நடக்க 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பதால் தொட்டியைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தேன்.

மண்தான் முதல் ஏமாற்றம். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல உருண்டு நின்றது. இது கள்ளிச் செடி ஐயா! டிசம்பர் மழை சாரலாக அடித்ததில் அடித்தண்டு மஞ்சளாகி, அழுத்தினால் விரல் உள்ளே போகிற அளவுக்குக் கொழகொழவென்று ஆகிவிட்டது. அழுகியதை வெட்டி எறிந்து, நல்ல பாகத்தை ஒரு வாரம் நிழலில் காயவைத்து, வெட்டுவாய் இறுகிய பிறகு பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்துகளும் மணலும் கலந்த மண்ணில் மறுபடி நட்டேன். தொட்டிக்கு அடியில் வைக்கத் தட்டும் தந்திருந்தார்கள். அதில் தண்ணீர் தேங்கினால் கொசு, அப்புறம் அபராதம். தட்டு அன்றைக்கே குப்பைக்குப் போனது.

கம்பு அடுத்த கதை. பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். செடி ஆள் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினேன். பக்கக் கிளைகள் குடைபோலத் தொங்கத் தொடங்கின, கம்பு பக்கத்து வீட்டுக் கதவுப் பக்கம் சாய்ந்தது. தம்பி வந்து தடித்த பிவிசி குழாயை நட்டு, உச்சியில் பழைய சைக்கிள் சக்கரத்தைக் கட்டிக்கொடுத்தான். இன்றுவரை அசையவில்லை.

இனிதான் விஷயமே. வாங்கும்போது, "ஒரு செடி போதுமா அங்கிள்?" என்று கேட்டேன். "போதும் லா" என்றார். நான் வாங்கியதோ சிவப்புச் சதை ரகம். முதல் இரண்டு பூவும் வந்த வேகத்தில் ஐந்தே நாளில் மஞ்சளாகி உதிர்ந்தன. உரம் குறைவோ என்று ஆட்டெரு வாங்கிக் கொட்டினேன். ஆறாம் மாடி மலாய் மக்சிக்தான் (மலாயில் 'அத்தை' மாதிரி) மின்தூக்கியில் விஷயத்தைச் சொன்னார்: இதைத் தனியாக விட்டால் காய்க்காது. சிவப்பு ரகங்களில் பல தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு ரகத்துப் பொடி வேண்டும். அவர் வீட்டில் இருப்பது வெள்ளைச் சதை ரகம். அது பூத்த இரவில் பொடியை உதிர்த்து, காலி காயா ஜாம் போத்தலில் போட்டுக் கொடுத்தார். எங்கள் குளிர்பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நான் தாதி. மூன்றாம் நாள் பிற்பகல் ஷிப்ட் முடித்து இரவு பத்தரைக்கு மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால் தாழ்வாரமே மணக்கிறது. பூ என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் மயிர்க்கற்றைபோல. அவற்றைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தத்தை ஏற்கிற சூல்முடி, குட்டி நட்சத்திரம்போலப் பல விரல்களாக விரிந்திருந்தது, தொட்டால் பிசுபிசுப்பு. சீருடைகூட மாற்றாமல், காது குடையும் பஞ்சுக்குச்சியில் பொடியை எடுத்து ஒவ்வொரு விரலிலும் தடவினேன். மத்திய அமெரிக்காவில் வௌவாலும் விட்டில் பூச்சியும் பார்க்கிற வேலை! "பேஷண்டுக்கு மருந்து போட்டது போதாதா?" என்று உள்ளே இருந்து வீட்டுக்காரர் குரல். காலையில் பூ நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தது. ஒரே ஒரு இரவுதான் அதற்கு.

இந்த முறை உதிரவில்லை. பூவின் அடியில் பச்சை உருண்டை பருத்தது. 28ஆம் நாள் சிவப்பு ஏறியது. உடனே பறிக்கக் கை துறுதுறுத்தது, ஆனால் இந்தப் பழம் பறித்த பிறகு இனிக்காது, மாம்பழம்போல அரிசிப் பானையில் போட்டு ஏமாற்ற முடியாது. மைனாக்களுக்குப் பயந்து வெங்காய வலைப்பையை மாட்டி, ஐந்து நாள் பொறுத்தேன். செதில் நுனிகள் வாடத் தொடங்கியதும் காம்பை வெட்டினேன். திருகினால் தண்டு கிழியும், கத்தரிதான் சரி. 380 கிராம். தேக்கா சந்தையில் வாங்குவது கப்பலுக்காக முன்கூட்டியே பறித்ததாக இருக்கும்போல, அதைச் சாப்பிட்ட வாய்க்கு இது வேறு பழம். பாதியை மக்சிக்குக் கொடுத்தேன். மறுநாள் கழிவறையில் சிவப்பாகப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஆக, இப்படிச் சேர்த்து விற்கிற இடத்தில் செடியை மட்டும் வாங்குங்கள், கம்பும் மண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிவப்பு வாங்கினால் கூடவே ஒரு வெள்ளையும். போன மாதம் நானே வெள்ளை வாங்கப் போனேன். "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று அங்கிளிடம் கேட்டதற்குச் சிரித்தார், இரண்டு வெள்ளி குறைத்தார். இப்போது சிவப்பில் ஏழு மொட்டு. வரும் வாரம் பிற்பகல் ஷிப்டைக் காலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காரணம் மட்டும் மேலதிகாரியிடம் சொல்லவில்லை.