ஆஸி ஸ்மித்தா, ஓமர் விஸ்கேலா?

பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஃபீல்டிங்கை ரசிக்க உட்காருபவர்களுக்கு, இந்த இருவரில் யாரைப் பார்ப்பது என்று வரும் குழப்பம் இது.

கோல்டு குளோவ் விருது (சிறந்த ஃபீல்டருக்கு ஆண்டுதோறும் தருவது): ஸ்மித்துக்கு 13, அதுவும் 1980 முதல் 1992 வரை விடாமல். விஸ்கேலுக்கு 11, கடைசி விருது வாங்கும்போது வயது 39.

உழைத்த காலம்: ஸ்மித் 19 சீசன், விஸ்கேல் 24.

பிசகாத கை: விஸ்கேல்தான். ஃபீல்டிங் சராசரி (வந்த வாய்ப்புகளில் பிழையில்லாமல் முடித்த பங்கு) .985, ஸ்மித்துக்கு .978. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். மற்றவர்கள் விட்டுவிடும் பந்துக்கும் ஸ்மித் ஓடுவார். 1978-ல் ஜெஃப் பரோஸ் அடித்த பந்துக்கு இடப்பக்கம் பாய்ந்தார். பந்து தரையில் பட்டு எதிர்ப்பக்கம் எகிறியது. பாய்ந்த வாக்கிலேயே வெறும் வலது கையைப் பின்னால் நீட்டிப் பிடித்து, எழுந்து முதல் பேஸுக்கு எறிந்தார். அவுட்!

பேட்டிங்: விஸ்கேல் 2,877 ஹிட் (அடித்துப் பத்திரமாக பேஸை எட்டியவை), ஸ்மித் 2,460. ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுப்பது) கணக்கை இருவரிடமும் கேட்காதீர்கள்.

வாய் பிளந்து பார்க்க ஸ்மித். நீங்களே குளோவ் மாட்டப் போகிறீர்கள் என்றால், சரி, விஸ்கேலின் கால்களைக் கவனியுங்கள், கை அப்புறம்.