கிராசிங்குக்கு நிற்கிறோம்

மகளுக்கு ஜன்னல் திறக்கிற ரயிலில் போக வேண்டும். இந்த முறை ஊருக்கு வரும்போது அவள் வைத்த ஒரே கோரிக்கை அதுதான். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், கொலோனுக்குப் பக்கத்தில். அங்கே ஏறும் ரயில்களில் பெரும்பாலும் கண்ணாடியைத் திறக்க முடியாது. தாத்தா வீட்டுக்குப் போகும் வழியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கிய கதையை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கெடுத்தவன் நான்தான். சரி, திருச்சியில் விமானம் இறங்கிய மறுநாள், கார் சொல்லாமல் பாசஞ்சரில் போவோம் என்று முடிவு செய்தேன். "பைத்தியமா மாப்ள? பஸ்ல வா, இல்ல நான் கார் அனுப்புறேன்" என்றார் அத்தான். கேட்கவில்லை.

போனில் டிக்கெட் எடுக்கும் வசதி இப்போது நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதற்கு இந்திய எண் வேண்டும். என்னிடம் இல்லை. கவுண்டரில் வரிசை சின்னதுதான், பத்து நிமிடத்தில் கையில் டிக்கெட். எனக்கு ஒன்று, பதினொரு வயது மகளுக்கு அரை டிக்கெட். முழு டிக்கெட்டே முப்பது ரூபாய்க்குள். கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சர் வண்டிகளுக்கு எல்லாம் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்துக் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். வேகம் மட்டும் பழைய வேகம். 2024 பிப்ரவரி கடைசியில்தான் அது மறுபடி 10 ரூபாய்க்கு வந்தது. எங்கள் ஊரில் இன்றும் அதை யாரும் எக்ஸ்பிரஸ் என்று சொல்வதில்லை. பாசஞ்சர்தான்.

இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. நாலரைக்கு ஊர். இரண்டு மணிக்கு பிளாட்பாரத்தில் வண்டியே இல்லை. போனில் இருந்த ஆப் 'சரியான நேரம்' என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டே காலுக்கும் அப்படியே. ஒலிபெருக்கி 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டினேன். எல்லாம் வேறு வண்டிகள். எங்கள் வண்டிக்குக் கனிவும் இல்லை, கவனமும் இல்லை. இரண்டே முக்காலுக்குக் காலி வண்டி ஊர்ந்து வந்து நின்றது, இரண்டு ஐம்பதுக்குக் கிளம்பியது. மகளுக்கு ஜன்னல் சீட் கிடைத்துவிட்டது. அப்போதைக்கு அது போதும்.

தஞ்சாவூர் வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பது கிலோமீட்டர், இரட்டைப் பாதை, வண்டி பிடித்துப் போனது. காவிரித் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள், நாற்றங்காலில் கொக்கு, மகள் முகத்தில் காற்றும் கொஞ்சம் தூசியும். நானும் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஜங்ஷனுக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் இருபத்தைந்து நிமிடம் நின்றதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு அப்புறம்தான் ஒற்றைப் பாதை. திருச்சியிலிருந்து சென்னைக்குத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, விழுப்புரம் வழியாகப் போவதற்குப் பெயர் மெயின் லைன். அரியலூர், விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போவது கார்டு லைன். இதில் குறுக்கு வழிக்கு இரண்டு பாதை, மெயினுக்குத் தஞ்சாவூரிலிருந்து விழுப்புரம் வரை ஒன்று. அகலப் பாதை வந்தது, தலைக்கு மேலே மின்கம்பியும் வந்தது. இரண்டாவது பாதை மட்டும் வரவில்லை.

நாங்கள் மாட்டிக்கொண்டது ஒரு சின்ன ஸ்டேஷனில். வண்டி மெதுவாகி, தண்டவாளம் பிரியும் பாயிண்டைத் தடதடவென்று தாண்டி, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் ஓரத்து லூப் லைனில் ஏறி நின்றது. இஞ்சின் சத்தம் அடங்கியதும் பெட்டிக்குள் ஒரு மாற்றம். எதிர் சீட்டுக் கல்லூரிப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி மேலே வைத்தான். பக்கத்தில் ஒரு அக்கா கூடையிலிருந்து பூவை எடுத்து மடியில் போட்டு கட்ட ஆரம்பித்தார். ஒரு பெரியவர் துண்டை விரித்துப் படுத்தேவிட்டார். ஏன் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருமே கேட்கவில்லை. கேட்டது நானும் மகளும்தான்.

"கிராசிங்" என்றான் பையன். "எதிர்ல வண்டி வருது அங்கிள்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"அது வந்தப்புறம்தான் தெரியும்."

ஒற்றைப் பாதையின் கணக்கு எளிது. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று எங்காவது ஒதுங்கி நிற்க வேண்டும். எது நிற்பது என்பதில் சந்தேகமே கிடையாது. எக்ஸ்பிரஸ் போகும், பாசஞ்சர் நிற்கும். அந்த எக்ஸ்பிரஸ் எங்கோ ஒரு இடத்தில் அரை மணி தாமதமானால், அதன் அரை மணியையும் சேர்த்து நாம்தான் நிற்க வேண்டும். அப்படி நின்றதில் அடுத்த ஸ்டேஷனில் நடக்க வேண்டிய கிராசிங் தவறிப்போகும். உடனே அடுத்த வண்டிக்கும் நாமே வழிவிட வேண்டியதாகிவிடும். வங்கிக் கடன் வட்டி மாதிரி குட்டி போட்டுக்கொண்டே போகும். சில நாள் சரக்கு வண்டிக்குக்கூட வழிவிட வேண்டியிருக்கும் என்றார் பூக்கட்டும் அக்கா.

இருபது நிமிடம் கழித்து ஒரு சைக்கிள் வந்தது. கேரியரில் எவர்சில்வர் டீ கேன், ஹேண்டில்பாரில் பேப்பர் கப் அடுக்கிய பை, இன்னொரு பையில் வாழைக்காய் பஜ்ஜி. அந்த ஸ்டேஷனில் கடை கிடையாது. நடைமேடையே தரைமட்டம், அதிலும் பாதி நெருஞ்சி. டீக்காரர் அவசரமே இல்லாமல் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் ஜன்னலுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏங்க, இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

"மெட்ராஸ் வண்டி லேட்டு சார். அது போவணும், அது பின்னாலயே இன்னொன்னு வருது, அதுவும் போவணும். பாப்பாவுக்குப் பால் தரவா? மூணு ரவுண்டு நான் சுத்தி வந்துடுவேன், அப்பவும் நிக்கும்."

அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே சரியான அறிவிப்பு இதுதான். ஆப் அப்போதும் முந்தைய ஸ்டேஷனிலேயே எங்களை நிறுத்தி வைத்து '75 நிமிடத் தாமதம்' என்றது, அந்த எண் அசையவே இல்லை. ஸ்டேஷன் அறை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் இரண்டு போன்களில் பேசிக்கொண்டிருந்தார், கையால் 'வெயிட்' என்று காட்டினார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தனியாளாக சிக்னலும் பார்த்து, கண்ட்ரோலுக்கும் பதில் சொல்லி, நூறு பேருக்கு விளக்கமும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறைக்கு வெளியே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. 'இரண்டு வண்டிகள் போன பிறகு கிளம்பும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால், பக்கத்து ரோட்டுக்கு நடந்து பஸ் பிடிக்க நினைப்பவர்கள் போயிருப்பார்கள். மருந்து நேரம் உள்ளவர்கள் ஏதாவது சாப்பிட்டிருப்பார்கள். டீக்காரருக்குத் தெரிந்த விஷயம் டிக்கெட் எடுத்தவனுக்குத் தெரியக்கூடாதா?

இதைச் சொல்லும்போது ஜெர்மனியைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பீற்றிக்கொள்ள அங்கேயும் ஒன்றுமில்லை. தாமதம் 6 நிமிடத்துக்குள் இருந்தால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு வைப்பார்கள். அப்படி வைத்தும் 2024-ல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. வேறுபாடு ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திருப்பிக் கேட்கலாம். மகளுக்கு இது மனப்பாடம்.

"அப்பா, ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா பாதிக் காசு தருவாங்கதானே?"

பெட்டியே சிரித்தது. படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "அரை டிக்கெட்ல பாதின்னா கால் டிக்கெட்டும்மா, ரெண்டு கடலைமிட்டாய் வாங்கலாம்" என்றார். முன்பதிவு செய்த டிக்கெட்டுக்கு நம்மூரிலும் விதி இருக்கிறது. வண்டி கிளம்பவே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாமல் முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். முன்பதிவில்லாத டிக்கெட்டை ரத்து செய்தாலோ பிடித்தமே 30 ரூபாய். எங்கள் டிக்கெட்டின் விலையே அவ்வளவு இல்லை.

பெரியவருக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல தம்பி. திருவாரூர் காரைக்குடி லைன்ல போயிருக்கியா?" என்று ஆரம்பித்தார். அந்தக் கதை எனக்கும் அரைகுறையாகத் தெரியும். 2019-ல் அகலப் பாதையாக்கி அங்கே மறுபடி ரயில் விட்டபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. அதனால் கேட் மூடுகிற ஆட்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டிப் போய் நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். "நான் ஒரு தடவ போனேன். கேட் சாத்த எறங்குன பையன், பழக்கத்துல ஒரு வீட்ல தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்தான்" என்று பெரியவர் சொன்னது உண்மையா சரடா என்று தெரியாது, மகள் நம்பிவிட்டாள்.

மெட்ராஸ் வண்டி வந்தது. முதலில் தண்டவாளம் லேசாக முனகியது, அப்புறம் ஹாரன், அப்புறம் ஒரு காற்றடி. பூக்கார அக்கா மடியில் இருந்த பூவைக் கையால் மூடிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஏசி பெட்டிகள் வரிசையாகக் கடந்தன, யார் முகமும் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது: போன நான்கு பயணங்களிலும் நான் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தேன். வழியில் இப்படி ஒரு ஸ்டேஷன் இருந்ததே நினைவில்லை. ஓரத்தில் ஒரு வண்டி நின்றிருந்தால் பார்த்திருப்பேனா என்பதும் சந்தேகம். 'பரவாயில்லையே, நேரத்துக்குப் போகிறது' என்று அத்தானுக்கு மெசேஜ் அனுப்பியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு வண்டியும் போனது. மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம். நடுவில் கழிப்பறைக்குப் போன மகள் போன வேகத்திலேயே திரும்பினாள். தண்ணீர் வரவில்லை. அதை அதிகம் விவரிக்க வேண்டாம். இருட்டியதும் கொசு வந்தது. வண்டி கிளம்பியபோது யாரும் ஆரவாரம் செய்யவில்லை. பையன் செருப்பை மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான்.

தினமும் இதில் போய்வரும் பூக்கார அக்காவிடம், ஏன் பஸ்ஸில் போகக்கூடாது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கூடைக்கு லக்கேஜ் போடுவான் தம்பி. இதுல மாச சீசன் டிக்கெட்டு. நேரம்தான போவுது, காசு போவலையே" என்றார். மடியில் அதற்குள் பத்துப் பன்னிரண்டு முழம் சேர்ந்திருந்தது. மகளுக்கு ஒரு முழம் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் ஒரு ஸ்டேஷனில் கால் மணி நின்று, ஏழு இருபதுக்கு ஊர் வந்தோம். இரண்டு மணி ஐம்பது நிமிடத் தாமதம். அத்தான் பைக்கில் சாய்ந்தபடி நின்றிருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் முகம் எல்லாவற்றையும் சொன்னது. ஆனால் அந்த வண்டி போய்ச் சேரும் கடைசி ஸ்டேஷனில் தாமதம் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் என்று இரவு ஆப்பில் பார்த்தேன். கடைசி ஒன்றிரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே கால அட்டவணையில் தாராளமாக நேரம் போட்டு வைத்திருப்பார்கள். வழியில் இழந்ததை அங்கே தாளில் மீட்டுக்கொள்ளலாம். நடுவில் இறங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது.

பாசஞ்சரில் போக நினைப்பவர்களுக்கு: மறுநாள் விமானமோ, மாலையில் நிச்சயதார்த்தமோ இருந்தால் வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, சில்லறை, டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பைப் பார்ப்பதைவிட, தினமும் போய்வரும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது அத்தானே முன்பதிவு செய்து எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார், ஏசி பெட்டி. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சின்ன ஸ்டேஷனை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். லூப் லைனில் ஒரு பாசஞ்சர் நின்றிருந்தது. வேப்பமரத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. அவள் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தாள். பத்து விநாடிகூட இருக்காது, எல்லாம் பின்னால் போய்விட்டது.

திருச்சிக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தோம்.