பன்னிரண்டு லிஃப்டர்களும் ஒரு லேத் பட்டறையும்

நாகர்கோவில் கோட்டாறில் பெயர்ப்பலகை இல்லாமல் நடக்கும் லேத் பட்டறை ஒன்றில், எங்கள் செவர்லே காரின் எஞ்சினை ஹைட்ராலிக் லிஃப்டருக்கு மாற்றி இரண்டு மாதங்கள் ஆகின்றன. லிஃப்டர் என்பது, சுழலும் கேம் தண்டின் மேடுகள் தள்ளுவதை வால்வுப் பக்கம் கொண்டுசேர்க்கும் சிறு உருளை. சாலிட் வகைக்கு வால்வு இடைவெளியைக் கையால் வைக்க வேண்டும்; ஹைட்ராலிக் வகை அதை எண்ணெய் அழுத்தத்தால் தானே நிரப்பிக்கொள்ளும். வேலை எனக்கு நிறைவாகவே இருக்கிறது. அதற்கு முதற்காரணம், நான் கேட்டுச் சென்ற வேலையை அவர்கள் செய்ய மறுத்ததுதான்.

கார் 1954ஆம் ஆண்டினது. பம்பாய் சிவ்ரியில் 1928இல் தொடங்கிய தன் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய ஆண்டும் அதுவே. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. எஞ்சின் 235 கன அங்குலம், ஆறு சிலிண்டர். அந்நாளில் கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்குச் சாலிட் லிஃப்டரும், பவர்கிளைடு எனும் தானியங்கி கியர் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் லிஃப்டரும் வந்தன. எங்கள் வண்டியிலோ இடைக்காலத்தில் யாரோ ஒரு பவர்கிளைடு எஞ்சின் பிளாக்கை ஏற்றி, உள்ளே லாரியின் கேமையும் சாலிட் லிஃப்டர்களையும் போட்டு ஓட்டியிருந்தார்கள். மாதம் ஒருமுறை ஃபீலர் கேஜ் தகடுகளால் அளந்து டேப்பெட் (வால்வு இடைவெளி) வைத்தும் சத்தம் அடங்கவில்லை.

இணையத்தில் வாங்கிய பன்னிரண்டு ஹைட்ராலிக் லிஃப்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மூத்த மேஸ்திரி ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கேம் பழசு, லிஃப்டர் புதுசுன்னு போட்டா ரெண்டும் சேந்து போவும் அண்ணாச்சி, முழு செட்டா கொண்டு வாங்க" என்றார். பழசு என்பது மட்டுமல்ல, சாலிட் லிஃப்டருக்கான கேமின் மேட்டில், வால்வு இடைவெளியை மெதுவாக எடுத்துக்கொள்வதற்கென்றே நீண்ட சரிவு ஒன்று இருக்கும். இடைவெளியே இல்லாத ஹைட்ராலிக் லிஃப்டர் அந்தச் சரிவிலேயே வால்வைத் திறக்கத் தொடங்கிவிடுவதால், வால்வு திறந்திருக்கும் நேரம் கூடி ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதுள்ள ஓட்டம்) கெட்டுப்போகும். இதைப் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வரைந்தே காட்டினார்.

ஹைட்ராலிக் லிஃப்டருக்கான கேம் வந்த பிறகு மேஸ்திரி செய்த முதல் வேலை, பிளாக்கின் எண்ணெய் வழியில் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, பன்னிரண்டு லிஃப்டர் துளைகளிலும் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்ததாகும். ஒன்பதாவது துளையில் வரவில்லை. பழைய கசடு அடைத்திருந்தது. அந்த வழி திறக்காதிருந்தால் வேறெதை மாற்றியும் பயனில்லை. அடுத்து இரண்டு லிஃப்டர்களின் அடிமுகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து ஆட்டினார்; இலேசாக ஆடின. அடிமுகம் தட்டையாகத் தோன்றினாலும் நடுவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குப் புடைத்திருக்க வேண்டும். அந்தப் புடைப்பும் கேம் மேட்டின் சாய்வும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன, சுழலாத லிஃப்டர் கேமைத் தின்றுவிடும்.

லிஃப்டரின் தள்ளுதலை, வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கருக்குக் கொண்டுசெல்லும் கம்பிதான் புஷ்ராடு. அந்த விஷயத்தில் நான் ஏமாந்தேன். ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் புஷ்ராடு அமரும் உயரம் வேறு என்பதால் அதன் நீளமும் மாற வேண்டும். கேம் விற்ற வெளியூர்க்காரர் சாலிட் லிஃப்டருக்கான புஷ்ராடுகளை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கவும் மறுத்துவிட்டார். மேஸ்திரி நீளம் கூட்டிக் குறைக்கும் சோதனைப் புஷ்ராடு ஒன்றை மாட்டி, வால்வு நுனியில் மார்க்கர் மையைத் தடவி, எஞ்சினைக் கையால் சுற்றி, ராக்கரின் தடம் நுனியின் நடுவில் விழும் நீளத்தைக் குறித்துக் கொடுத்தார். இதற்கு மட்டும் அரை நாள் ஆயிற்று.

வால்வு ஸ்பிரிங்குகளை எடை வைத்துச் சோதித்து, தளர்ந்த நான்கை மாற்றினார்கள். ராக்கரை இடைவெளி தீரும்வரை இறுக்கி, அதற்கு மேல் முக்கால் சுற்று கொடுத்தார்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கில் விடாமல், ஏறத்தாழ 2,000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டினார்கள். இன்றைய பெட்ரோல் எண்ணெய்கள் பலவற்றில் கேமின் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைந்துவிட்டன என்பதால் 15டபிள்யூ-40 டீசல் எண்ணெய்தான் ஊற்றினார்கள்.

குறை என்றால் காலக்கெடுதான். பத்து நாள் என்றார்கள், ஏழு வாரம் ஆயிற்று. அதில் மூன்று வாரம் அந்தப் புஷ்ராடுகளின் கணக்கு, மீதி அவர்கள் கணக்கு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். கூலிக்கு ரசீது கேட்டால் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதித் தருகிறார்கள். ஆனால் அதில் புஷ்ராடு நீளம், ஸ்பிரிங் எடை எல்லாம் இருக்கின்றன. அந்தத் தாளை ஆர்சி புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.