ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு பாட்டில்

டெக்சாஸிலிருந்து மூன்று வருடம் கழித்து மே கடைசியில் ஊருக்கு வந்தோம். திருநெல்வேலிப் பக்கம் கிராமம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, லீவுக்கு ஆச்சி வீட்டில் ஏழு பிள்ளைகள். ஆதாருக்கும் பேங்குக்கும் அலைந்த கதையைத்தான் எழுத நினைத்திருந்தேன். நாலாம் நாள் நடந்ததில் அதெல்லாம் மறந்தே போயிற்று.

தம்பி மகனுக்கு நாலு வயது. மத்தியானம் விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்தவன், பின்வாசலில் இருந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டான். உள்ளே பினாயில். மொபெட்டில் தெருத்தெருவாகக் கொண்டுவந்து விற்பார்களே, அதுதான். ரோஸ் நிறம், பழைய பாட்டில், லேபிள் கிடையாது. முந்தின நாள்தான் அதே மாதிரி பாட்டிலில் ரோஸ்மில்க் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்தோம். அவனைச் சொல்லி என்ன?

எதிர்வீட்டுச் சித்தி அதற்குள் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார், "வாந்தி எடுத்துட்டா சரியாயிரும்" என்று. என் மனைவிதான் டம்ளரைப் பிடுங்கினாள். டெக்சாஸில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் 1-800-222-1222 என்ற விஷ உதவி எண் ஒட்டியிருக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது ஒருதடவை அதற்குப் போன் போட்டதில், டாக்டரோ அந்த எண்ணில் பேசுகிறவர்களோ சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பது அவள் மனதில் பதிந்துவிட்டது. பினாயில், மண்ணெண்ணெய் மாதிரியான சாமான் திரும்ப மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால்தான் பெரிய ஆபத்தாம். இந்தியாவுக்கும் அப்படி ஓர் எண் உண்டு, டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம், 1800 116 117, இலவசம், 24 மணி நேரமும். அதை நான் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து!

108-க்கு அடித்தேன். உடனே எடுத்தார்கள். எந்தத் தாலுகா என்று கேட்டதும் நான் முழித்தேன், பிறந்த ஊருக்குத் தாலுகா தெரியவில்லை. தம்பி போனை வாங்கிச் சொன்னான். வாயைக் கழுவி விடுங்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், பாட்டிலைக் கையோடு எடுத்து வையுங்கள் என்றார்கள். வண்டி இருபது நிமிடத்தில் வந்தது, அந்த இருபது நிமிடம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார், லேபிள் இல்லையென்றால் வேறு என்ன செய்வார். வயிற்றைக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், சில மணி நேரம் கழித்து நெஞ்சு எக்ஸ்ரே. விஷம் என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், ஒரு ஏட்டு வந்து "யார் கொடுத்தது?" என்று கேட்டபோது தம்பி மனைவி அழுதுவிட்டாள். நடைமுறைதான், ஆனாலும் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறதல்லவா. கட்டில் விரிப்பு நாங்கள்தான் கொண்டு போனோம், கக்கூஸைப் பற்றி எழுதவில்லை. ஆனால் ஒரு ராத்திரி முழுக்க நர்ஸ் அக்கா மணிக்கொரு தரம் வந்து அவன் மூச்சை எண்ணினார். மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

வந்ததும் வீட்டைச் சோதனை போட்டோம். தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் கக்கூஸ் ஆசிட். சேலை அடுக்கில் அந்துருண்டை, பார்க்க மிட்டாய் மாதிரியே. கரப்பான் சாக்பீஸ் ஜன்னல் விளிம்பில், பக்கத்திலேயே பிள்ளைகளின் சிலேட்டு. ஆச்சியின் பிரஷர் மாத்திரைகள் அட்டையிலிருந்து பிரித்துக் கற்கண்டு டப்பாவில். எல்லாம் பரண் ஏறியது, ஆசிட்டும் மண்ணெண்ணெயும் மட்டும் பூட்டிய ஷெட்டுக்குள்.

இரண்டு நாள் கழித்துப் பினாயில்காரர் வந்தார். லேபிள் ஒட்டி வேறு கேனில் தர முடியுமா என்று கேட்டேன். "கேனுக்குத் தனிக் காசு சார்" என்றார். ஆச்சி உள்ளேயிருந்து "கொடுத்துத் தொலைடா" என்றாள்.