பில்லில் ஆறரை லிட்டர், எஞ்சினில் பழைய ஆயில்: புது பிக்கப் எடுத்தவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு புது பிக்கப் எடுத்தேன். பி.எஸ்.6 (புகை மாசு விதிப்படி வந்த) டீசல். முன்பணம் போக மிச்சமெல்லாம் கடன். டிரைவர் வைக்கவில்லை, நானேதான் ஓட்டுகிறேன். பாச்சலூர், கே.சி.பட்டி மலையிலிருந்து சௌசௌவும் பீன்ஸும் ஏற்றி வந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவது, அங்கிருந்து வாரம் மூன்று நடை பாலக்காடு. இதை வைத்துத்தான் வீடு நடக்கிறது. அந்த வண்டியின் எஞ்சினை முதல் வருஷத்திலேயே சாகடிக்கப் பார்த்தார்கள். அதுவும் காசு வாங்கிக்கொண்டு.

1,500 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, எஞ்சின் ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். மேல் கோட்டில் இருந்த ஆயில் பாதிக்கு இறங்கியிருந்தது. பதறிப்போய் ஷோரூமுக்குப் போன் போட்டேன். சர்வீஸ் அட்வைசர் நிதானமாகச் சொன்னார்: "சார், புது எஞ்சின்னா கொஞ்சம் ஆயில் குடிக்கும். ரிங் செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான். அரை லிட்டர் டாப்-அப் பண்ணிக்கோங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. புது எஞ்சினில் சிலிண்டர் சுவரில் மெல்லிசாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்திருப்பார்கள், ஆயில் ஒட்டி நிற்பதற்காக. பிஸ்டன் ரிங் அதில் உரசி உரசித்தான் படியும். படிகிற வரை கொஞ்சம் ஆயில் மேலே ஏறி டீசலோடு எரிந்து போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் குறைந்துவிடும். விசாரித்த இடத்திலெல்லாம் இதையே சொன்னார்கள். அரை லிட்டர் ஊற்றிவிட்டு அமைதியாகிவிட்டேன். இதே மாதிரி உண்மைகளைப் பாதி சொல்லியே பிறகு என்னை மடக்குவார்கள் என்று அப்போது தெரியாது.

5,000 கிலோமீட்டரில் முதல் ஃப்ரீ சர்வீஸ். ஃப்ரீ என்றால் கூலி மட்டும்தான் ஃப்ரீ, ஆயிலும் ஃபில்டரும் நம் காசு. காலையில் வண்டியை விட்டேன். உள்ளே வந்து பார்க்கிறேன் என்றதற்கு, "கஸ்டமர் உள்ளே வரக் கூடாது சார், சேஃப்டி" என்று ஏ.சி. அறையில் உட்கார வைத்தார்கள். மாலையில் பில் கைக்கு வந்தது. எஞ்சின் ஆயில் ஆறரை லிட்டர், ஆயில் ஃபில்டர் ஒன்று, ட்ரெயின் போல்ட் வாஷர் ஒன்று, கன்ஸ்யூமபிள்ஸ் என்று ஒரு வரி. மொத்தம் 4,870 ரூபாய். கட்டினேன். மறுநாள் ஒரு பெண் போன் செய்து, "பத்துக்குப் பத்து குடுங்க சார்" என்று கேட்டார். கொடுத்தேன்.

வெளியே எடுக்கும்போது டிப்ஸ்டிக் பார்க்கத்தான் பார்த்தேன். ஆயில் கறுப்பாக இருந்தது, மட்டமும் கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான். கேட்டேன். "டீசல் எஞ்சின்ல ஊத்தின உடனே கறுத்துடும் சார். இப்பதான் ஆஃப் பண்ணோம், ஆயில் இன்னும் கீழே இறங்கல" என்றார் அட்வைசர். இரண்டுமே பாதி உண்மை. டீசல் கரியால் ஆயில் சீக்கிரம் கறுக்கும், அதனால் நிறத்தை மட்டும் வைத்து யாரோடும் சண்டைக்குப் போக முடியாது. எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் சம்ப்புக்கு, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, வடிய ஐந்து பத்து நிமிஷம் ஆகும் என்பதும் சரிதான். அந்தப் பத்து நிமிஷம் நான் நின்றிருக்க வேண்டும். லோடு காத்திருந்தது, கிளம்பிவிட்டேன். சர்வீஸ் முடிந்த வண்டி என்ற நம்பிக்கையில் அதற்குப் பிறகு பானெட்டைத் திறக்கவில்லை.

9,200 கிலோமீட்டர். விடியற்காலை நாலே முக்கால், சௌசௌ மூட்டையோடு பாச்சலூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஒன்று மின்னி அணைந்தது. எண்ணெய்க் குடுவை மாதிரி படம் போட்ட விளக்கு. நேர் ரோட்டில் இல்லை. அடுத்த வளைவில் மறுபடி மின்னியது. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து, செல்போன் வெளிச்சத்தில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்தேன். இரண்டு கோட்டிலும் ஆயில் இல்லை. நுனியில் மட்டும் தார் மாதிரி ஒரு சொட்டு தொங்கியது. சரிவான இடம் என்று இரண்டு தடவை விட்டு எடுத்தேன், அதே சொட்டுதான்.

அந்த விளக்கு எரிந்தால் ஆயில் பிரஷர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். சம்ப்பில் ஆயில் குறைந்தால் வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். அந்த நொடிகளில் கிராங்க் பேரிங்கும் டர்போவும் ஆயில் இல்லாமல் சுற்றுகின்றன. விளக்கு எரிய எரிய இன்னும் நாலு வளைவு இறங்கியிருந்தால் என் எஞ்சின் இன்று இல்லை.

கீழே பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனைக் கூப்பிட்டேன். முப்பது வருஷமாக லாரி பார்க்கிறவர். வந்தவர் ஆயில் கேனைக் கையில் வைத்துக்கொண்டே, "எப்ப தம்பி மாத்தினே?" என்றார். நாலாயிரம் கிலோமீட்டருக்கு முன்னால் என்றேன், பில்லைக் காட்டினேன். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, உள்ளே வா" என்றார்.

ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் தலையிலிருந்து சம்ப் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் அடையாளத்துக்கு இழுக்கிற கோடு. ஒரு முறை ஸ்பேனர் போட்டிருந்தால் அது உடைந்து விலகியிருக்க வேண்டும். இழுத்தது இழுத்தபடி நேராக இருந்தது. ஃபில்டரிலும் அதே மஞ்சள் கோடு. ஃபில்டர் மேல் அச்சடித்திருந்த மாதம், வண்டியின் சேஸிஸ் பிளேட்டில் இருக்கிற மாதத்துக்கு ஒரு மாதம் முந்தியது. கம்பெனியிலிருந்து வந்த ஃபில்டர் அப்படியே இருந்தது. புது எஞ்சினில் உலோகம் உரசித் தேய்ந்த முதல் பொடியெல்லாம் சேர்ந்த ஆயில், 9,200 கிலோமீட்டர் வரை அதே எஞ்சினில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சொந்தப் பிள்ளைக்குக் கெட்டுப்போன சோற்றை ஊட்டின மாதிரி இருந்தது எனக்கு.

அண்ணன் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆயிலை ஊற்றவில்லை. "இப்ப ஊத்தினா சாட்சி போயிடும். நான் போல்ட்டைத் தொட்டா, வெளியே கை வெச்சுட்டேன்னு சொல்லி வாரன்ட்டியை முடிச்சிருவாங்க. போட்டோ எடுத்துக்கோ, டோ பண்ணி வேற ஊர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போ" என்றார். சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற 2,200, டோ வண்டிக்கு 4,500. மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போகாததால் சரக்கிலும் நஷ்டம்.

வேறு ஊரில் இருந்த ஃபோர்மேன் நேர்மையானவர். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் போல்ட்டைக் கழற்றினார். டக்கென்று அந்த மஞ்சள் கோடு உடைந்ததை வீடியோ எடுத்தேன். வடித்த ஆயிலை அளவுக் கேனில் ஊற்றினார். மூன்றே முக்கால் லிட்டர். செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டில் அதை அப்படியே எழுதச் சொன்னேன், எழுதிக் கையெழுத்தும் போட்டார். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, மட்டம் குறித்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். 300 மில்லிதான் குறைந்திருந்தது. 15,000 தாண்டியபோது அது நூறு மில்லிக்கு வந்துவிட்டது. ஆக, எஞ்சின் ஆயில் குடித்தது உண்மை, அது எஞ்சினின் குற்றம் இல்லை. மாற்றாத ஆயிலுக்குக் காசு வாங்கியதும், கேட்டபோது பாதி உண்மையைச் சொல்லி வாயை அடைத்ததும்தான் குற்றம்.

முதல் ஷோரூமுக்குப் போய்க் கேட்டேன். மேனேஜர் முதலில், "ஓவர்லோடு அடிச்சிருப்பீங்க" என்றார். பிறகு, "டிரைவர் ஆயிலை எடுத்து வித்திருப்பான்" என்றார். டிரைவரே நான்தான் என்றதும் குரல் மாறியது. வீடியோவைக் காட்டியதும் அடுத்த சர்வீஸ் இலவசம் என்று ஒரு தாளை நீட்டினார். கீழே சின்ன எழுத்தில், எனக்கு எந்தப் புகாரும் இல்லை, முழுத் திருப்தி என்று இருந்தது. அந்த மாதிரித் தாளில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நான் போடவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் பில் பணம் மட்டும் கணக்கில் வந்தது. டோ செலவுக்கும், எஞ்சினுக்குக் கூடுதல் வாரன்ட்டி எழுதித் தருவதற்கும் பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸில், இது வணிகத்துக்கு வாங்கிய வண்டி, நீ நுகர்வோரே இல்லை என்று எழுதியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பின்வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7)-ன் விளக்கத்தைப் பாருங்கள்: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. 1995-லேயே உச்ச நீதிமன்றமும் பழைய சட்டத்தின் கீழ் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவற விடாதீர்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். சர்வீஸுக்கு விடும் முன் ட்ரெயின் போல்ட்டிலும் ஃபில்டரிலும் மகளின் நகப் பாலிஷால் ஒரு கோடு இழுத்து, கிலோமீட்டர் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கிறேன். பழைய ஃபில்டரைப் பையில் போட்டுக் கொடுங்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுத வைக்கிறேன். ஆயில் கிரேடு பில்லில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பி.எஸ்.6 டீசலில் சைலன்சர் பக்கம் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், கையேட்டில் போட்டிருப்பார்கள். வாரம் ஒரு நாள் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஆறிய பிறகு மட்டம் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். மட்டம் ஏறினாலும் விடாதீர்கள். அந்த வடிகட்டி தன் கரியை எரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எஞ்சினை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் டீசல் ஆயிலில் கலந்து மட்டம் உயரும், ஆயில் நீர்த்துப் போகும்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பெனி போட்டு அனுப்பிய அந்த முதல் ஃபில்டர், பாதி மஞ்சள் கோட்டோடு, பிளாஸ்டிக் பையில் கட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. வக்கீல் கேட்கும் நாளில் எடுத்துக்கொண்டு போவேன். இதே மாதிரி முதல் சர்வீஸ் முடித்தவர்கள் இன்றைக்கே வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடையாமல் இருந்தால் எதையும் கழற்ற வேண்டாம், முதலில் போட்டோ எடுங்கள்.