இங்கிலீஷ் ஈடியம்ஸ் ஆன்லைன் கிளாஸ்: ஆளைக் கட்டிப்போடுற ஈடியம்ஸுக்காகவே சேரலாம்

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், நாள் பூரா வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிக்கிறதுதான் வேலை. இந்த கிளாஸ்ல சேர்ந்ததுக்கு காரணமே ஒரு மெயில்தாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆளுங்க பாதிப் பேர் திரும்பல, ஷிப்மெண்ட் தேதி நெருங்குது, பையர் தினம் கேக்குறாங்க, நானும் "ஒழுங்கா கவனிச்சுக்கிறோம், கவலைப்படாதீங்க"ன்னு சொல்றதா நெனச்சு, எங்கயோ படிச்சத வச்சு, வொர்க்கர்ஸை 'டைட் லீஷ்'ல வச்சிருக்கோம்னு எழுதிட்டேன். மறுநாளே அவங்க கம்ப்ளையன்ஸ் டீம்ல (ஃபேக்டரி விதிமுறைப்படி நடக்குதான்னு பாக்குறவங்க) இருந்து கால், தொழிலாளிங்களை எப்படி நடத்துறீங்கன்னு அரை மணி நேரம் விசாரிச்சாங்க. லீஷ்னா நாயைக் கூட்டிட்டுப் போறப்ப கைல பிடிக்கிற வார். பவர் டேபிள்ல, அதாவது தையல் மெஷின் வரிசைல உக்காந்து வேலை செய்யுற அக்காங்களைப் பத்தி அப்படி எழுதிட்டோமேன்னு இப்பவும் மனசு உறுத்துது.

அப்புறம்தான் இதுல சேர்ந்தேன். சனி ஞாயிறு சாயங்காலம், மொத்தம் 8 கிளாஸ், 1,600 ரூபாய். எடுக்கிறவங்க ரிட்டயர்டு காலேஜ் மேடம். அதுல ரெண்டு கிளாஸ் முழுக்க அடுத்தவங்களை அடக்குறது, கட்டுப்படுத்துறது பத்தின ஈடியம்ஸ் (மரபுத்தொடர்) தான், காசு குடுத்ததுக்கு அந்த ரெண்டே போதும்.

மேடம் அர்த்தத்துல ஆரம்பிக்கல. "எதைக் கட்டுற கயிறு இது"ன்னு கேட்டாங்க. லீஷ் நாய்க்கு, 'ரெய்ன்' குதிரைக்கு, அதாவது கடிவாள வார். அதனால 'ரெய்ன் இன்' நம்ம "இழுத்துப் பிடிக்கிறது"க்கு சரியா வருது, செலவை ரெய்ன் இன் பண்றோம்னு பையருக்கே தைரியமா எழுதலாம், யார் மனசும் நோகாது. 'ஃப்ரீ ரெய்ன்'னா கடிவாளத்தை தளர விட்டு ஒருத்தரை அவர் இஷ்டத்துக்கு செய்ய விடுறது. இங்கிலீஷ்காரங்களே இதுக்கு (rein) ராஜாவோட ஆட்சின்னு அர்த்தம் வர்ற இன்னொரு ரெய்ன் (reign) ஸ்பெல்லிங்கைப் போட்டு தப்பு பண்ணுவாங்களாம், ரெண்டும் ஒரே சவுண்டு இல்லையா.

'டெதர்' சொன்னப்பதான் எனக்கு சட்டுன்னு ஒட்டுச்சு. எங்க ஆத்தா காட்டுல முளைக்குச்சி அடிச்சு ஆட்டைக் கட்டி விடுவாங்க, அது கயிறு எட்டுற வரைக்கும் வட்டமா மேஞ்சு முடிச்சுட்டு, கயிறு விறைப்பா நிக்க, கழுத்தை நீட்டிக்கிட்டு அந்தப் பக்கம் இருக்கிற புல்லைப் பாத்து கத்தும். 'அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்'னா அதேதான், இதுக்கு மேல என்னால தாங்க முடியாதுங்கிற நிலை. இனி எனக்கு இது எப்படிங்க மறக்கும்?

'ஹெம்டு இன்' வந்தப்ப நானே பேசினேன். டிக்‌ஷனரில "சூழப்பட்டு நகர முடியாம இருக்கிறது"ன்னு போட்டிருக்கு, ஆனா எங்களுக்கு பாட்டம் ஹெம் (டிரஸ்ஸோட அடி மடிப்பு) தெரியுமே, துணி விளிம்பை உள்ள மடிச்சு பிளாட்லாக் தையல் மெஷின்ல ஓட்டிட்டா அதுக்கு மேல அது பிரியாது, அங்கயே நின்னுடும். மேடம் அதைக் கேட்டு அடுத்த பேட்ச்ல இதையே சொல்லப் போறேன்னாங்க.

'மை ஹேண்ட்ஸ் ஆர் டைடு' நம்ம "கையைக் கட்டிப் போட்டுட்டாங்க" மாதிரிதான், ஆனா எங்க சொல்றோம்ங்கிறது முக்கியம்னாங்க. மனசு இருக்கு, அதிகாரம் என் கைல இல்லன்னு அர்த்தம். விலையைக் குறைக்கச் சொல்லி கேட்ட பையருக்கு போன மாசம் இதை எழுதினேன், அடுத்த மெயில்லயே எங்க எம்டிக்கும் காப்பி (சிசி) போட்டு அவர்கிட்ட நேரா கேட்டாங்க, என் மேல வருத்தம் எதுவும் இல்ல.

'ஆப்ரன் ஸ்ட்ரிங்ஸ்', அதாவது சமைக்கிறப்ப முன்னாடி கட்டிக்கிற ஆப்ரனோட நாடா, கேட்டதும் கிளாஸே "முந்தானை"ன்னு சொல்லிருச்சு. நம்ம ஊர்ல பொண்டாட்டி முந்தானையையும் சொல்லுவோம், அங்க பெரும்பாலும் அம்மாதான். 'கிளிப் ஹிஸ் விங்ஸ்' ஒருத்தரோட சுதந்திரத்தை வெட்டுறது, கோழி பறக்காம இருக்க றெக்கை இறகை நறுக்குறதுல இருந்து வந்தது. இறகு உதிர்ந்து திரும்ப முளைக்கும்னும் மேடம் சொன்னாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' புதுசா கத்துக்கிட்டது. கேம்பிரிட்ஜ்ல குதிரை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன், 1631ல செத்துப்போனவர், வாசல் பக்கத்துல நிக்கிற குதிரையைத்தான் எடுக்கணும், இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு விட்டாராம். லேபிளுக்கு பையர் ஒரே ஒரு சப்ளையரை நாமினேட் பண்ணிட்டு "நீங்களே ஆர்டர் போட்டுக்குங்க"ன்னு சொல்றப்ப எனக்கு இனி அவர் ஞாபகம்தான் வரும்.

குறைன்னா, அவங்க தர்ற பிடிஎஃப். கிளாஸ்ல சொன்ன நல்ல விஷயம் எதுவும் அதுல இல்ல, ஒரு ஈடியம் ஒரு அர்த்தம்னு வெறும் வரிசை, லீஷுக்கு நேரா "கட்டுப்பாட்டில் வைத்தல்"னு மட்டும் இருக்கு, இதை நம்பித்தான என்னை மாதிரி ஆளுங்க மாட்டுறாங்க, யார்கிட்ட சொல்லலாம், யாரைப் பத்தி சொல்லக் கூடாதுன்னு ஒரு வரி சேத்தா என்ன? 40 பேர் பேட்ச், டவுட் கேக்க கடைசி பத்து நிமிஷம்தான், எனக்கு மூணு தடவை டர்ன் வரவே இல்ல. ரெக்கார்டிங் தர்றோம்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க, மூணு வாரம் ஆச்சு, ரெண்டு மெயில் போட்டேன், பதில் இல்ல.

சேர்றவங்க நோட்டு வச்சு அப்பப்பவே எழுதிக்குங்க, முக்கியமா இந்தக் கட்டுப்படுத்துற ஈடியம்ஸ் வர்ற 5வது, 6வது கிளாஸை மிஸ் பண்ணிடாதீங்க.