செட்எஃப்எஸ்பி: சிப்பின் பெயர் தெரிந்த பிறகு இதைவிட நல்ல கருவி இல்லை

பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளில்) வேகத்தைக் கூட்டும் வசதியே இல்லாத பழைய லேப்டாப்பை விண்டோஸுக்குள் இருந்தே ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட, நான் நம்பிப் பயன்படுத்தும் மென்பொருள் செட்எஃப்எஸ்பி. கோர் 2 டுவோ டி7300 ப்ராசஸர் உள்ள லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். சின்ன ஜன்னல், ஒரு ஸ்லைடர், இரண்டு மூன்று பட்டன்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. மெஷினின் பாகங்களுக்கு வேகத் துடிப்பைக் கொடுப்பது கிளாக் சிப்; உங்கள் போர்டில் இருப்பது எது என்று இந்த மென்பொருள் சொல்லாது. நீளமான பட்டியல் ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு.

பட்டியலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த மென்பொருள் எஸ்எம்பஸ் என்ற சிறிய தரவுப் பாதை வழியாகச் சிப்பின் ரெஜிஸ்டர்களில் (அமைப்புகளை வைத்திருக்கும் சின்னச் சின்ன இடங்களில்) நேரடியாக எழுதுகிறது. பட்டியலில் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் எழுதும் மதிப்பு போய்ச் சேர்வது உங்கள் போர்டில் இருக்கும் சிப்புக்குத்தான், ஏனென்றால் பெரும்பாலான கிளாக் சிப்களுக்கு முகவரி ஒன்றே. ஆனால் ரெஜிஸ்டரின் பொருள் சிப்புக்குச் சிப் மாறும். ஒன்றில் வேகத்தை நிர்ணயிக்கும் அதே பைட், இன்னொன்றில் ஏதோ ஒரு அவுட்புட்டை நிறுத்திவிடலாம். அந்தக் கணமே மெஷின் உறைந்துவிடும். வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்த நேரம் என்றால் தரவும் போகும்.

சரி, சிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? பின் மூடியைத் திறந்து முதலில் கிரிஸ்டலை, அதாவது கிளாக் சிப்புக்கு அடிப்படை அதிர்வெண்ணைத் தரும் பாகத்தை, தேடுங்கள். நீள்வட்டமான வெள்ளி நிற உலோக டப்பா, மேலே 14.318 என்று பொறித்திருக்கும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலும் இதே அதிர்வெண்தான். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் 3.579545 மெகாஹெர்ட்ஸைப் போல நான்கு மடங்கு அது. அந்தக் காலத்து வழக்கம் இத்தனை வருடங்கள் கழித்தும் போர்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான். போர்டில் வேறு கிரிஸ்டல்களும் இருக்கும். 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் லேன் சிப்புக்கானது, 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்துக்கானது. அவற்றை விட்டுவிடுங்கள்.

14.318-ஐ ஒட்டியே நமக்கு வேண்டிய சிப் இருக்கும். பெயரின் முதல் எழுத்துகளே ஆளைக் காட்டிக்கொடுக்கும்: ஐசிஎஸ், எஸ்எல்ஜி, சிஒய், ஆர்டிஎம். ஆர்டிஎம் என்றால் ரியல்டெக். அதே ரியல்டெக்கின் ஒலிச் சிப் ஏஎல்சி என்றும், லேன் சிப் ஆர்டிஎல் என்றும் தொடங்கும், அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுத்துகள் லேசரில் மங்கலாகப் பொறித்தவை. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் போர்டோடு படுக்கிற மாதிரி சாய்த்துப் பிடித்து, மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். என் போர்டில் அப்படித்தான் எஸ்எல்ஜி8எஸ்பி513வி என்று படிக்க முடிந்தது. ஐசிஎஸ் சிப்களில் கடைசியில் வரும் எழுத்துகள் உறையின் வகையையும் ஈயம் கலக்காததையும் குறிப்பவை. முக்கியம் நடுவில் உள்ள எண்தான், அதில் ஓர் இலக்கம்கூட மாறக்கூடாது.

திறக்கவே முடியாதவர்களுக்கு ஒரு சின்ன உதவி. செட்எஃப்எஸ்பியின் டயக்னாசிஸ் பக்கத்தில் சிப்பின் பைட்கள் அப்படியே தெரியும். பல சிப்களில் 7-ஆம் பைட்டின் கீழ் நான்கு பிட்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். அங்கே 0001 இருந்தால் ஐசிஎஸ். தயாரிப்பாளர் தெரியும், மாடல் தெரியாது. அதை மட்டும் வைத்து ஸ்லைடரைத் தொட மாட்டேன்.

சரியான பெயரைத் தேர்ந்தெடுத்து 'கெட் எஃப்எஸ்பி' (எஃப்எஸ்பி என்பது ப்ராசஸரைச் சிப்செட்டோடு இணைக்கும் பஸ்) அழுத்தியதும் என் லேப்டாப்பில் 200 மெகாஹெர்ட்ஸ் காட்டியது, பக்கத்தில் திறந்து வைத்த, ப்ராசஸரின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளும் அதையே சொன்னது. அப்புறம் ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். 216-இல் வைத்தால், ப்ராசஸர் அதன் பத்து மடங்கில் ஓடுவதால், 2160 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. நினைவகமும் 333-இலிருந்து 360-க்கு ஏறும், அதனால் 800 வேகத்துக்கான டிடிஆர்2 மாட்யூல்கள் இருந்தால் நல்லது. கூடுதல் பாகங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் மதிப்பும் கூடவே ஏறுகிறதா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, எதுவும் நிரந்தரமில்லை என்பதுதான். முழுதாக அணைத்துப் போட்டால் சிப் பழைய நிலைக்கு வந்துவிடும். பயாஸை மாற்றி எழுதும் ஆபத்து இதில் இல்லை.

சில போர்டுகளில் சிப் பெயர் சரியாக இருந்தும் ஸ்லைடர் நகரும், வேகம் மட்டும் அசையாது. காரணம் டிஎம்இ என்ற பூட்டு. மின்சாரம் வரும் கணத்தில் ஒரு பின்னின் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சிப் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. மென்பொருளால் அதைத் திறக்க முடியாது, சால்டரிங் அயர்ன் எடுத்தால்தான் வழி. இது செட்எஃப்எஸ்பியின் குற்றமில்லை.

2011-இல் சாண்டி பிரிட்ஜ் என்ற ப்ராசஸர் தலைமுறை வந்தபோது இன்டெல் கிளாக் ஜெனரேட்டரைச் சிப்செட்டுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸோடு மற்ற பஸ்களும் பிணைந்திருப்பதால் அந்தத் தலைமுறையில் சில சதவீதத்துக்கு மேல் நகர்த்த இடமில்லை. அந்த வரிசை லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைத் தேடி இறக்க வேண்டாம். கோர் 2 காலத்து மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் டார்ச்சை எடுங்கள், மென்பொருளை அப்புறம் இறக்கலாம்.